ஆறு ரூபாய் வக்கீல்

போன மாதம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு இது. சிப்காட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், கையில் ஒரு நோட்டீஸோடு வந்து உட்கார்ந்தார். அவரிடம் வேலை பார்த்தபோது கையில் அடிபட்ட ஒருவர் இழப்பீடு கேட்டு கேஸ் போட்டிருக்கிறார். கேஸ் போட்டதுகூட அவருக்குப் பெரிய வருத்தமில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இலவச சட்ட உதவி மூலமாக வந்தவர் என்பதுதான் அவரைக் குத்தியது.

"தம்பி, நான் ஜிஎஸ்டி கட்டுறேன், தொழில்வரி கட்டுறேன். அந்தக் காசுல எனக்கு எதிரா வக்கீல் வெச்சிக் குடுக்குறாங்க. என் வக்கீலுக்கு நான் தனியா அழணும். இது இன்னா நியாயம், நீயே சொல்லு."

டக்கென்று பதில் சொல்ல வரவில்லை. "படிச்சிட்டு சொல்றேன்ணா" என்று மட்டும் சொன்னேன். படித்ததன் விளைவுதான் இந்தக் குறிப்பு. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் வக்கீல் இல்லை. சிப்காட் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவன். இந்த விஷயத்தில் நான் நடுநிலை ஆளும் இல்லை. ஏன் என்று கீழே வரும்.

சட்டம் யாருக்குக் கொடுக்கிறது?

அவசரநிலைக் காலத்தில் 1976-ல் வந்த 42-வது அரசியல் சட்டத் திருத்தத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அதில்தான் 39ஏ பிரிவு வந்தது. பணம் இல்லை என்ற காரணத்தால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக்கூடாது, அதற்கு அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 1973-ல், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு இதற்கு ஒரு விரிவான அறிக்கை கொடுத்திருந்தது. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-ல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 ஆனது. மாநிலத்துக்கு ஓர் ஆணைக்குழு, மாவட்டத்துக்கு ஒன்று, வட்டத்துக்கு ஒரு குழு என்று இன்றைக்கு இருக்கும் அமைப்பு அதன்படி உருவானது.

யாருக்கெல்லாம் கிடைக்கும் என்று 12-வது பிரிவு பட்டியல் போடுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், கொத்தடிமையாகச் சிக்கியவர்கள், பேரிடரில் அடிபட்டவர்கள், காவலில் இருப்பவர்கள். இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. இதில் வராத மற்றவர்களுக்குத்தான் வரம்பு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்.

அந்தப் பட்டியலின் நடுவில் இரண்டே வார்த்தையில் ஒரு வரி இருக்கிறது: தொழிற்சாலைத் தொழிலாளி. அவருக்கும் வருமான வரம்பு இல்லை. பன்னிரண்டு வருஷம் சிப்காட்டில் குப்பை கொட்டியவன் நான்; இந்த வரியைப் போன வருஷம்தான் முதல்முறையாகப் படித்தேன். கேட் பக்கத்து போர்டில் பார்த்ததில்லை, யூனியன் மீட்டிங்கில் கேட்டதில்லை, சேஃப்டி டிரெயினிங்கில் யாரும் சொன்னதில்லை.

மூன்று விரலின் கணக்கு

2022-ல் நான் குடியிருந்த லைன் வீட்டில், மூன்று ரூம் தள்ளி, ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். இருபத்தைந்து வயது. ஒரு பிரஸ் ஷாப்பில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், மாதம் 15,000 ரூபாய். ஒரு நாள் நைட் ஷிஃப்டில் பவர் பிரஸ் இறங்கி வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. தையல் பிரித்த அடுத்த வாரம் காண்ட்ராக்டர் வந்தார். 40,000 ரூபாயும், சென்ட்ரலில் இருந்து பிரம்மபூருக்கு ஒரு டிக்கெட்டும் கொடுத்தார். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று தமிழில் எழுதிய ஒரு தாளில் அவனிடம் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அந்தச் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

அப்போது நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். 40,000 வாங்கிக் கொடுத்தாச்சே என்று.

இப்போது சட்டத்தைத் திறந்துவைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒரு கையில் மூன்று விரல் இழப்பு என்றால் 30 சதவீத உழைப்புத்திறன் இழப்பு. 2020 ஜனவரி முதல் கணக்குக்கு எடுக்கும் அதிகபட்ச மாதச் சம்பளம் 15,000. அதில் 60 சதவீதம் 9,000. இருபத்தைந்து வயதுக்கான காரணி 216.91. பெருக்கினால் 19,52,190. அதில் 30 சதவீதம் 5,85,657 ரூபாய்.

நாற்பதாயிரம் எங்கே, ஐந்து லட்சத்து எண்பத்தைந்தாயிரம் எங்கே.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை என்றால், 21,000 வரை சம்பளம் வாங்குபவர் ஈ.எஸ்.ஐ.க்குள் வர வேண்டியவர். அப்படி வர வேண்டியவர் முதலாளியிடம் 1923 சட்டப்படி இழப்பீடு கேட்க முடியாது, ஈ.எஸ்.ஐ.யிடம்தான் கேட்க வேண்டும். முதலாளி அவரைப் பதிவே செய்யவில்லை என்றாலும் இதே நிலைதான். ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். அந்த வழியில் போயிருந்தால் பையனுக்கு மாதம் ஏறக்குறைய 4,000 ரூபாய், ஆயுள் முழுக்க வந்திருக்கும்.

ஆக இரண்டு கதவு. எதைத் தட்டுவது? அந்த பிரஸ் ஷாப்பில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. ரெஜிஸ்டரில் ஏழு பேர், ஷிஃப்டில் பதினைந்து பேர். தப்பான கதவைத் தட்டினால் இரண்டு மூன்று வருஷம் அலைந்தபிறகு "இது இங்கே வராது" என்று திருப்பி அனுப்புவார்கள். தமிழே தெரியாத, வலது கை கட்டுப்போட்ட ஒருவன் இதைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி செல்லாது. அதாவது நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தாளுக்கு சட்டத்தில் மதிப்பே இல்லை. அடுத்தது, பாதிக்கப்பட்டவர் ஊருக்குப் போய்விட்டாலும் தான் குடியிருக்கும் பகுதி ஆணையரிடமே மனு போடலாம். ஆனால் விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு, அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். நான் இதையெல்லாம் படித்து முடித்தபோது இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அவன் போன் நம்பரும் இப்போது வேலை செய்யவில்லை. (2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்து பழைய சட்டங்கள் அதற்குள் போய்விட்டன. 2022 விபத்துக்குப் பழைய கணக்குதான்.)

இங்கே தேவைப்பட்டது பெரிய வழக்கு கூட இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும்.

செலவு எங்கே போகிறது?

"இலவச சட்ட உதவிக்கு இவ்வளவு செலவு தேவையா?" என்று கேட்பவர்கள் முதலில் அந்த 'இவ்வளவு' எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 2025-ம் ஆண்டு இந்திய நீதி அறிக்கைப்படி நாட்டில் சட்ட உதவிக்கு ஆகும் செலவு, ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 6 ரூபாய் 46 காசு. நீதித்துறைக்கு 182 ரூபாய். போலீசுக்கு 1,275 ரூபாய். டீக்கடை அண்ணன் கட்டும் வரியில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போவது, நாங்கள் அன்று குடித்த ஒரு டீயின் விலைகூட இல்லை.

அதைவிட முக்கியமான கேள்வி: அந்த ஆறு ரூபாயை மிச்சம் பிடித்தால் செலவு மறைந்துவிடுமா? அந்தப் பையனுக்குச் சட்டப்படி வர வேண்டிய தொகையில் ஐந்து லட்சத்துக்கு மேல் கிடைக்கவில்லை. அந்த நஷ்டம் காற்றில் கரைந்து போகவில்லை. கஞ்சத்தில் அவன் அப்பா அம்மா, கல்யாணமாகாத தங்கை, ரேஷன் கடை, அரசு ஆஸ்பத்திரி எல்லாம் அதைத் தவணை முறையில் கட்டிக்கொண்டிருக்கும். பிரஸ்ஸுக்கு கார்டு போடாத முதலாளி தப்பித்தார். விரல் போனால் 40,000-தான் விலை என்றால், கார்டு போட அவருக்கு என்ன அவசரம்? சட்ட உதவி கிடைக்காத ஊரில் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்தே செத்துப்போகும். இதை எந்த பட்ஜெட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

காவலில் இருப்பவர்கள் விஷயத்தில் கணக்கு இன்னும் எளிது. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் நம் மாவட்டம் காட்டுப்பள்ளியில் வடமாநிலத் தொழிலாளி ஒருவர் இறந்ததையொட்டி பெரிய போராட்டம் நடந்தது. கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, கைது. கல் எறிந்தவர் யார், பக்கத்தில் நின்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல அந்தக் கூட்டத்தில் பிடிபட்டவருக்கு ஒரு வக்கீல் வேண்டும். வக்கீல் இல்லாமல் ஒருவர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சாப்பாடும் காவலும் அரசு செலவுதான். 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் வெளிவந்தது இதுதான்: பீகார் சிறைகளில், செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள். 1981-ல் பாகல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், காசில்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது. 1986-ல் சுக் தாஸ் வழக்கில், இலவச வக்கீல் உரிமை இருக்கிறது என்று சொல்லாமலே நடத்திய விசாரணையில் வந்த தண்டனையை ரத்து செய்தது. கேட்காததால் கொடுக்கவில்லை என்ற சாக்கு அன்றோடு போயிருக்க வேண்டும்.

அண்ணனுக்கு நியாயமா?

சரி, டீக்கடைக் கேள்விக்கு வருவோம். எனக்குத் தோன்றும் பதில் இரண்டு பகுதி.

ஒன்று. மார்க் கேலண்டர் என்ற அமெரிக்க சட்ட அறிஞர் 1974-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், கோர்ட்டுக்கு வருபவர்களை இரண்டாகப் பிரித்தார்: வாழ்க்கையில் ஒரே முறை வருபவர், அடிக்கடி வருபவர். இன்ஷூரன்ஸ் கம்பெனி, பேங்க், பெரிய தொழிற்சாலை எல்லாம் இரண்டாவது வகை. அவர்களுக்கு நடைமுறை தெரியும், காத்திருக்க முடியும், ஒரு கேஸில் தோற்றாலும் அடுத்ததில் எடுத்துவிடுவார்கள். விரல் போனவனுக்கு இது ஒன்றே ஒன்று. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு வைக்காததன் நியாயம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாதம் 25,000 வாங்கும் தொழிலாளியும் கம்பெனிக்கு எதிரே தனியாள்தான்.

இரண்டு. ஆனால் நம் அண்ணன் பெரிய தொழிற்சாலை இல்லையே! அவரும் ஒரே முறை வந்தவர்தான். மெஷின் கடன் போக வருஷத்துக்கு மூன்றரை, நாலு லட்சம் நிற்கும் என்கிறார். வரம்பு 3 லட்சம். ஐம்பதாயிரம் அதிகம் என்பதால் அவருக்கு ஒன்றும் கிடையாது. அதேசமயம், பெண் என்றால் கோடீஸ்வரராக இருந்தாலும் 12-வது பிரிவில் இடம் உண்டு. குடும்பச் சொத்து எவ்வளவு இருந்தாலும் பெண்ணின் கையில் காசு இருப்பதில்லை என்ற காரணத்தை நான் ஏற்கிறேன். ஆனால் 3 லட்சத்தில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே ஒரு ரூபாய் என்றாலும் முழுச் செலவும் உன் தலையில் என்பதை ஏற்க முடியவில்லை. பாதிக் கட்டணம், தவணைக் கட்டணம் என்று படிப்படியாக வைக்கலாம். இங்கிலாந்தில் 1949-ல் சட்ட உதவித் திட்டம் வந்தபோதே, வசதிக்கேற்பப் பங்கு கட்டும் முறை அதில் இருந்தது. அண்ணனின் கோபத்தில் இந்தப் பங்கு நியாயமானது. மீதிக் கோபத்துக்கு நான் சொன்ன பதில்: "தொழிலாளர் இழப்பீட்டு பாலிசின்னு ஒண்ணு இருக்குண்ணா. எடுத்திருந்தா இன்ஷூரன்ஸ்காரன் வக்கீலே உங்களுக்காக வந்திருப்பான்."

எங்கே சறுக்குகிறது?

சட்டத்தைப் பாராட்டிவிட்டு நடைமுறையைப் பார்க்காமல் விட்டால் இந்தக் குறிப்பு அரசு விளம்பரம் ஆகிவிடும்.

முதலில் வக்கீல். உரிமையியல், தொழிலாளர் விஷயங்களுக்கு வருபவர் பேனல் வக்கீல். ஒரு கேஸுக்கு அரசு தருவது சொற்பம். எனக்குத் தெரிந்த ஒரு வழக்கில் இலவச வக்கீல் தொடர்ந்து மூன்று வாய்தாவுக்கு வரவில்லை. கேட்டபோது, "அந்தக் காசுக்கு என் பெட்ரோலே கட்டாதுங்க" என்றார். அவர் சொன்னது தப்பு, ஆனால் பொய் இல்லை. 2022-ல் குற்ற வழக்குகளுக்கு மட்டும் முழுநேர சம்பளத்தில் வக்கீல்களை நியமிக்கும் திட்டத்தை தேசிய ஆணைக்குழு கொண்டுவந்தது. நல்ல மாற்றம். தொழிற்பேட்டை உள்ள மாவட்டங்களில் தொழிலாளர் வழக்குக்கும் அதேபோல் ஒரு முழுநேர வக்கீல் வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது, மக்கள் நீதிமன்றம். கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஒரே நாளில் முடியும், நல்லதுதான். ஆனால் அங்கே ஆகும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. மக்கள் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் இடமில்லை, இரு தரப்பும் மனசார ஒத்துக்கொண்டதைப் பதிவு செய்யும் இடம் மட்டுமே என்று 2008-ல் ஜலூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மனசார ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால், தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டுமே! 5,85,657 என்ற எண் தெரிந்தவன் நாலரை லட்சத்துக்கு ஒத்துக்கொண்டால் அது சமரசம். அந்த எண் தெரியாதவன் 80,000-க்கு ஒத்துக்கொண்டால், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தாளுக்கும் அதற்கும் கோர்ட் முத்திரை ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் இரண்டும் செய்தித்தாளில் 'தீர்வு காணப்பட்ட வழக்கு' என்றே எண்ணப்படும். எத்தனை கேஸ் முடிந்தது, எத்தனை முகாம் நடந்தது என்று எண்ணுகிறோம். வர வேண்டியதில் எவ்வளவு வந்தது என்று எண்ணிச் சொன்னால்தான், செலவுக்குத் தகுந்த பலன் இருக்கிறதா என்ற கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும்.

மூன்றாவது, நேரமும் மொழியும். தூரம் என்று நானும் முதலில் நினைத்தேன். மாவட்டத் தலைநகர் திருவள்ளூருக்கு இங்கிருந்து நேர் ரயில் இல்லை. சென்னை வரை போய் அரக்கோணம் லைனுக்கு மாற வேண்டும், அல்லது பெரியபாளையம் வழியாக பஸ் மாற வேண்டும். ஆனால் பொன்னேரி கோர்ட் இரண்டாவது ஸ்டேஷன்தானே? அங்கே போகாததற்குக் காரணம் வேறு. ஆபீஸ் திறந்திருப்பது வேலை நாளில். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போகும், இரண்டு நாள் போட்டால் வேலையே போகும். தட்டுத்தடுமாறிப் போனாலும் ஒடியா, போஜ்புரியில் கேட்டுப் புரிந்துகொள்ள அங்கே ஆள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிப்காட் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு வக்கீல், ஹிந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒரு தன்னார்வலர். விபத்துக் கேஸ் வரும் ஆஸ்பத்திரிகளில் இலவச சட்ட உதவி எண் 15100 மூன்று மொழியில். இதற்கு ஆகும் செலவு என்ன? ஒரே ஒரு மூன்று விரல் கேஸில் தொழிலாளிக்கு வர வேண்டியது வந்தால் பல மாதச் செலவுக்கு ஈடாகிவிடும்.

அண்ணனுக்கு இதையெல்லாம் சொன்னேன். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்கு அந்தப் பையன் கதை மனசுல இருக்குது, அதான் இப்படிப் பேசுற" என்றார். இருக்கலாம். தன் வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். போங்க, ஆனால் போவதற்கு முன்னால் உங்கள் ஆளோடு உட்கார்ந்து அட்டவணைப்படி கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்றேன். சதவீதம், சம்பளம், வயதுக்கான காரணி மூன்றையும் நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

லைன் வீட்டுக் குழாயடிச் சுவரில் 15100 என்று பெயின்ட் அடித்திருக்கிறேன். ஹிந்தியிலும் ஒடியாவிலும் எழுதிக் கொடுத்தது, அந்தப் பையன் இருந்த ரூமில் இப்போது தங்கியிருக்கும் ஒருவர். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தினமும் இந்த ஊர் வழியாகத்தான் ஒடிசா போகிறது. இங்கே நிற்காது.